பிஸ்னஸ் வீசாவா, டூரிஸ்ட் வீசாவா: கிழக்கிலிருந்து புறப்படும் முன் யோசிக்க வேண்டியவை

கிழக்கிலங்கையின் கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் பெருநாள் வியாபாரத்துக்கு முன் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் போய்ச் சரக்குப் பார்த்து வர நினைக்கிறார். சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துகிறவருக்கு, நிறம் பிரிக்கும் இயந்திரத்தைச் சீனாவில் ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் முற்பணம் கட்ட மனம் வரும். மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து ஆடும் குழு ஒன்றுக்கு லண்டனில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. மூன்று தரப்பும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த வீசா லேசாக் கிடைக்கும்?"

அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதலில் கேட்க வேண்டியது, அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள், அதற்கான காசு யாருடைய கையில் இருந்து யாருடைய கைக்குப் போகப் போகிறது என்பது. இதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லிவிட்டால் வீசா வகை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

டூரிஸ்ட் வீசா ஊர் பார்க்க, கோயில் கும்பிட, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவர. பிஸ்னஸ் வீசா பொருளை நேரில் பார்க்க, விலை பேச, ஒப்பந்தம் எழுத, கூட்டத்திலோ வர்த்தகக் கண்காட்சியிலோ கலந்துகொள்ள. இரண்டிலும் அந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பிஸ்னஸ் வீசா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு கடையில் நின்று வியாபாரம் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அப்படி இல்லை. உங்கள் தொழில் கல்முனையிலோ செங்கலடியிலோ இருக்கிறது, உங்கள் வருமானமும் அங்கிருந்துதான் வருகிறது, அந்தத் தொழிலின் ஓர் அலுவலுக்காகச் சில நாள் வெளியே போய்வருகிறீர்கள். பிஸ்னஸ் வீசாவின் அடிப்படை அவ்வளவுதான்.

இந்தியா: கடைக்காரருக்குப் பிஸ்னஸ் வீசாதான் சரி

வியாபார அலுவல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தியா. காஞ்சிபுரம் பட்டு, ஈரோட்டுத் துணி, திருப்பூர் பனியன், சென்னை தியாகராய நகரில் எல்லாமே. 2015 முதல் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களும் இணையத்தில் இ-வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் டூரிஸ்ட், பிஸ்னஸ், மருத்துவம் என்று தனித்தனி வகைகள் உண்டு. டூரிஸ்ட் இ-வீசா 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று மூன்று விதமாக வருகிறது. 30 நாள் வீசாவில் இரண்டு தடவை உள்ளே போகலாம், மற்ற இரண்டிலும் பல தடவை போய்வரலாம். பிஸ்னஸ் இ-வீசா 1 வருடத்துக்கு, பல தடவை போய்வர. ஒரு தடவை போனால் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. சரக்கு எடுக்கிறவருக்கு அதற்கு மேல் தேவையும் வராது.

காலத்தை மட்டும் பார்த்தால் 5 வருட டூரிஸ்ட் வீசாதான் இலாபம் போலத் தெரியும். ஆனால் எந்த வகையில் என்ன செய்யலாம் என்று இந்தியா தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. டூரிஸ்ட் வகையில் இருப்பது பொழுதுபோக்கு, ஊர் பார்த்தல், நண்பர் உறவினரைச் சந்தித்தல், குறுகிய காலப் பயிற்சிகள் போன்றவை. வாங்கல், விற்றல், வர்த்தகம், வர்த்தகக் கூட்டம், கண்காட்சி எல்லாம் பிஸ்னஸ் வகையில். கடைக்கு மொத்தமாகப் புடவை எடுக்கப் போகிறவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

"எல்லாரும் டூரிஸ்ட்லதான் போறாங்க, நாலு பையோட வாறாங்க, யாரும் கேக்கல்ல" என்று ஊரில் சொல்வது உண்மைதான். அப்படிப் போய் வந்தவர்களைக் குற்றம் சொல்லவும் இல்லை. சின்னக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எடுப்பதே பெரிய அலைச்சல். ஆனாலும் நான் பிஸ்னஸ் வீசா எடுக்கத்தான் சொல்வேன், அதற்குக் காரணம் உண்டு.

கேட்கிற நாள் வந்தால் உங்களிடம் இரண்டு கதை இருக்கும். விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதியிருப்பீர்கள், பையில் மூன்று மொத்தக் கடைகளின் பில் இருக்கும், தொலைபேசியில் விலைப் பட்டியலும் சரக்குப் படமும் இருக்கும். அதிகாரி ஒருவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம், இன்னொருவர் அப்படியே திருப்பி அனுப்பலாம். இ-வீசாவை அங்கே போய் வேறு வகைக்கு மாற்றவும் முடியாது, நீட்டிக்கவும் முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், பணத்தைக் கட்டிய பிறகு மொத்த வியாபாரி ஏமாற்றினால் என்ன செய்வீர்கள்? பொலிஸுக்குப் போய் "இந்த ஆளிடம் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தேன்" என்று சொல்ல வேண்டும். டூரிஸ்ட் வீசாவில் வந்தவர் அந்த வசனத்தைச் சொல்வதற்கே பயப்படுவார். அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்த வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

வீசா வகையை இந்தியா எவ்வளவு கடுமையாகப் பார்க்க முடியும் என்பதற்கு 2020 ஏப்ரல் ஓர் உதாரணம். டூரிஸ்ட் வீசாவில் வந்து தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய மதப் பிரசார இயக்கத்தின் பணிகளில் ஈடுபட்டார்கள் என்று 960 வெளிநாட்டவரின் வீசாவை இந்திய உள்துறை அமைச்சு ரத்துச் செய்து அவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. வழக்குப் போடப்பட்டவர்களில் பலரைப் பின்னர் நீதிமன்றங்கள் விடுவித்தன. ஆனால் விடுதலை வரும்வரை மாதக்கணக்கில் அந்நிய நாட்டில் நீதிமன்ற வாசலில் நின்றவர்கள் அவர்கள்தான். அது நடந்தது கொரோனாக் காலத்தில், ஒரு விசேட சூழ்நிலையில். ஆனாலும், வழமையாகக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு விதியை எந்த நாளும் எடுத்துப் பாவிக்கலாம் என்பதை அது காட்டியது.

பிஸ்னஸ் இ-வீசாவுக்குக் கேட்கும் ஆவணங்கள் பயப்படும்படி இல்லை. கடவுச்சீட்டின் விபரப் பக்கம், ஒரு படம், உங்கள் வியாபார அட்டை, இந்தியாவில் நீங்கள் சந்திக்கப் போகும் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம். உங்கள் நிறுவனம், அந்த நிறுவனம் இரண்டைப் பற்றியும் விண்ணப்பத்தில் கேள்வி வரும். வியாபார அட்டை இல்லாத கடைக்காரர் ஒன்றை அச்சடித்துக்கொண்டால் போதும், பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்துக்கு, நீங்கள் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் சரக்குப் பேசுகிற ஈரோட்டு வியாபாரியிடமே கேளுங்கள். அவருடைய நிறுவனக் கடிதத்தாளில், உங்கள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வருகிற காலம், வருகிற நோக்கம், செலவு யாருடையது என்பது எல்லாம் எழுதி, கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். உண்மையாக வியாபாரம் செய்கிற நிறுவனம் இதைத் தரத் தயங்காது. தரத் தயங்கினால், அந்த இடத்தில் முற்பணம் கட்டலாமா என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பயணத்துக்குக் குறைந்தது 4 நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரண்டு வாரமாவது விட்டுச் செய்யுங்கள். அசல் இணையத்தளத்தின் முகவரி ஜிஓவி டொட் இன் என்று முடியும். தேடும்போது மேலே வருகிற பல தளங்கள் அதே நிறத்தில், அதே சின்னத்தோடு இருக்கும், கட்டணத்தைப் பல மடங்காக எடுக்கும். இ-வீசாவோடு எல்லா வாசலாலும் உள்ளே போக முடியாது. சென்னையும் திருச்சியும் பட்டியலில் உள்ள விமான நிலையங்கள். வேறு வழியாகப் போவதென்றால் டிக்கட் போடும் முன் பட்டியலைப் பாருங்கள். கையில் 5,000 டொலருக்கு மேல் தாளாகக் கொண்டுபோனால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதையும் சரக்குக் காசோடு போகிறவர்கள் மறக்கக்கூடாது.

சரி, டூரிஸ்ட் வீசா யாருக்குச் சரி? மகளின் கலியாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போகிற தாய்க்குச் சரி. அது குடும்பத்துக்கு வாங்குவது. பழனி, திருச்செந்தூர், நாகூர் என்று யாத்திரை போகிறவருக்குச் சரி. கடையே இன்னும் தொடங்காத ஒரு தம்பி, கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்து, எந்தத் துணி என்ன விலை என்று தெரிந்துகொண்டு வர நினைத்தால் அவருக்கும் டூரிஸ்ட் போதும் என்பது என் எண்ணம். அவருக்கு அழைப்புக் கொடுக்க ஆளில்லை, காட்டப் பதிவும் இல்லை. ஓடர் கொடுக்கிற அடுத்த பயணத்துக்குப் பிஸ்னஸ் எடுத்தால் போதும். மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம். மருத்துவமனையின் கடிதத்தோடு மருத்துவ இ-வீசா எடுக்கலாம், கூடப் போகிறவருக்கும் தனி வகை உண்டு.

இன்னொன்று. வட்டிக்குக் கொடுக்கும் தொழிலுக்கோ, சில்லறைப் பெட்டிக்கடை வியாபாரத்துக்கோ, முழுநேரச் சம்பள வேலைக்கோ பிஸ்னஸ் வீசா கொடுப்பதில்லை என்று இந்திய விதி சொல்கிறது. இங்கிருந்து கொஞ்சச் சாமான் கொண்டுபோய்ச் சென்னைத் தெருவில் விற்றுவிட்டு, அந்தக் காசில் துணி எடுத்து வருகிற பழைய முறை இந்த வீசாவிலும் அடங்காது.

சீனா: வகை மாறினால் ஆவணமே மாறும்

சீனாவில் டூரிஸ்ட் வீசா எல் வகை, வர்த்தக வீசா எம் வகை. எல் வகைக்குப் போக வரப் பயணச்சீட்டும் தங்குமிடப் பதிவும், அல்லது அங்குள்ளவரின் அழைப்பும் கேட்பார்கள். எம் வகைக்குச் சீனாவில் உள்ள வர்த்தகப் பங்காளியின் அழைப்போ வர்த்தகக் கண்காட்சியின் அழைப்போ வேண்டும்.

அரிசி ஆலைக்காரரின் கதைக்கு வருவோம். நிறம் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலைகள் அன்ஹுய் மாகாணத்தின் ஹெஃபெய் நகரில் நிறைய உண்டு. அவர் செய்யப்போவது அங்கே தன் ஊர் அரிசியை, தன் சாம்பாவை, இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்ப்பது, விலை பேசுவது, உதிரிப்பாகம் எவ்வளவு காலம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குவது. இது எல்லாம் எம் வகைக்குள் நேராக வரும். தொழிற்சாலைக்கும் அழைப்பு எழுதிக் கொடுத்துப் பழக்கம். இவருக்கு எல் வகை எடுக்கக் காரணமே இல்லை. இயந்திரம் கோளாறு பண்ணினால் அடுத்த வருடமும் போக வேண்டி வரும், அப்போது முந்திய எம் வீசா அவருடைய வரலாறாக நிற்கும்.

குறிப்பிட்ட தொழிற்சாலை எதுவும் மனதில் இல்லாமல் பல கம்பனியை ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு குவாங்சோவில் நடக்கும் கன்டன் கண்காட்சி இருக்கிறது. 1957இல் தொடங்கியது, வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஆரம்பமாகி மூன்று கட்டமாக நடக்கும். இயந்திரங்கள் முதற்கட்டத்தில் வரும். வாங்குபவராகக் கண்காட்சியின் தளத்தில் பதிந்து அழைப்பை எடுக்கலாம், அதைக் கொண்டு எம் வீசாவுக்குப் போகலாம். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து பாத்திரம், மின்சாமான், விளையாட்டுப் பொருள் என்று கொள்முதல் செய்கிறவர்களுக்கு இந்த வழி நல்லது. தனிக் கம்பனி ஒன்றின் தயவில் நிற்க வேண்டியதில்லை.

ஒரே வீசா, இரண்டு விதக் கோப்பு

பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் கேள்வியே வேறு மாதிரி. பிரித்தானியாவில் 2015 முதல் ஸ்டாண்டர்ட் விசிட்டர் என்ற ஒரே வீசாவுக்குள் சுற்றுலாவும் வர்த்தக அலுவலும் சேர்ந்தே இருக்கின்றன. வழமையாக 6 மாதம் வரை. கூட்டம், மாநாடு, ஒப்பந்தம் பேசுதல், இடம் பார்த்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளிலும் கடவுச்சீட்டில் ஒட்டும் வீசா ஸ்டிக்கர் ஒன்றுதான், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை. 2024 ஜூன் முதல் பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, எந்த நோக்கம் என்றாலும் அதே காசு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அமெரிக்கா பி1 வர்த்தகத்துக்கும் பி2 சுற்றுலாவுக்கும் என்று பிரித்தாலும், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அடித்துக் கொடுக்கிறார்கள். கனடாவிலும் வருகையாளர் வீசா ஒன்றுதான்.

அப்படியானால் தெரிவு எங்கே இருக்கிறது? கோப்பில். விண்ணப்பப் படிவத்தில் பயண நோக்கம் என்ற ஒரு பெட்டி இருக்கும். அதில் என்ன எழுதுகிறீர்களோ, மற்ற எல்லாத் தாளும் அதையே சொல்ல வேண்டும். தங்கையின் வீட்டுப் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு என்று பாரிஸுக்குப் போகிறவர், அங்கே ஒரு மொத்தக் கடைக்காரரையும் சந்திக்க நினைத்திருக்கிறார் என்று வைப்போம். கோப்பு கனமாகத் தெரியட்டும் என்று ஊர்க் கடையின் கடிதம், அந்த வியாபாரியின் கடிதம், தங்கையின் அழைப்பு எல்லாவற்றையும் போட்டால், அதிகாரிக்கு முதலில் தோன்றுவது இவர் எதற்குத்தான் வருகிறார் என்ற சந்தேகம். பெரிய காரணம் எதுவோ அதை நோக்கமாக எழுதுங்கள். மற்றதை முகப்புக் கடிதத்தில் ஒரே வரியில், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எல்லையில் கேள்வி வரும்போது உங்களைக் காப்பாற்றும்.

உறவினர் அங்கே இருப்பது பலம் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. தங்க இடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கும் என்பது பலம். திரும்பி வரமாட்டார் என்ற சந்தேகமும் அதே உறவினரால்தான் வருகிறது. அமெரிக்கச் சட்டமோ, அங்கேயே குடியேற நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று காட்டுகிற பொறுப்பை விண்ணப்பதாரி மேல் போடுகிறது. ஊரில் நடந்துகொண்டிருக்கும் தொழில், வயல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வரி கட்டிய பதிவு, இவைதான் அதற்குப் பதில். ஆகவே உறவு பார்க்கப் போகிற கடைக்காரரும் தன் கடைப் பதிவைக் கோப்பில் போடுவது நல்லது. அங்கே அது பயண நோக்கத்தைச் சொல்வதற்கு இல்லை, திரும்பி வரும் காரணத்தைச் சொல்வதற்கு.

அவுஸ்திரேலியா கொஞ்சம் வேறு. 600ஆம் இலக்க வருகையாளர் வீசாவுக்குள் சுற்றுலாப் பிரிவும் வர்த்தகப் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. வர்த்தகப் பிரிவில் 3 மாதம் வரைதான். சுற்றுலாப் பிரிவில் 12 மாதம் வரை கிடைக்க வாய்ப்புண்டு. மெல்பேர்னில் மகன் வீட்டில் பேரப்பிள்ளையோடு ஆறு மாதம் இருக்க நினைக்கிற, மட்டக்களப்பில் தொழில் நடத்துகிற ஒரு தந்தைக்கு வர்த்தகப் பிரிவு பொருந்தாது. கௌரவமாகத் தெரிகிறது என்பதற்காக அதைத் தெரிவு செய்தால் கிடைக்கும் காலம்தான் குறையும்.

சேலையைக் கொண்டுபோய் விற்கலாமா

இது மருதமுனைக் கைத்தறிக்காரரும், வீட்டில் பலகாரம், மிளகாய்த்தூள் செய்கிற பெண்களும் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்குகிற கேள்வி. லண்டனிலோ சிட்னியிலோ தமிழர் விழா நடக்கிறது, ஒரு மேசை தருகிறார்கள், இரண்டு பையில் சேலை கொண்டுபோய் விற்றால் டிக்கட் காசு வந்துவிடும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரித்தானிய வருகையாளர் விதி, வர்த்தகக் கண்காட்சிக்குப் போகலாம், பொருளை அறிமுகப்படுத்தலாம், நேரடியாக விற்கக்கூடாது என்று சொல்கிறது. அவுஸ்திரேலிய வர்த்தகப் பிரிவிலும் பொதுமக்களுக்குப் பொருளோ சேவையோ விற்க முடியாது. சுற்றுலாப் பிரிவில் சொல்லவே தேவையில்லை.

இந்தப் பெண்களின் உழைப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் இதை நேராகச் சொல்கிறேன். மாதிரிகளைக் கொண்டுபோங்கள், காட்டுங்கள், அங்குள்ள கடைக்காரரிடம் ஓடர் பிடியுங்கள், பிறகு இங்கிருந்து ஏற்றுமதியாக அனுப்புங்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபை கண்காட்சிகளுக்கு ஆட்களை ஒழுங்கு செய்கிறது. அவர்களிடம் பதிந்து வைத்தால் அடுத்த தடவை மேசை தேடி அலைய வேண்டி வராது. முதல் பயணத்தில் காசு குறைவாகத்தான் வரும். ஆனால் எல்லையில் பையைத் திறந்து ஐம்பது சேலை எதற்கு என்று கேட்டால் விழிக்க வேண்டியதில்லை.

கூத்துக் குழுவுக்கும் இதே இடத்தில் ஒரு வழி இருக்கிறது. பிரித்தானிய வருகையாளர் வீசாவில் பொதுவாக அங்கே கூலி வாங்க முடியாது. ஆனால் தொழில்முறைக் கலைஞர்களுக்கு, அங்குள்ள கலை அமைப்பு அழைத்தால், குறுகிய காலக் கட்டண நிகழ்ச்சிக்கு அனுமதி உண்டு. 2024 ஜனவரி 31 முதல் அது இந்த வீசாவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சி போகும் முன்பே ஒழுங்காகியிருக்க வேண்டும், உள்ளே போய் 30 நாளுக்குள் முடிய வேண்டும், அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். "உறவினர் வீட்டுக்குப் போகிறோம்" என்று எழுதிவிட்டு உடுப்பும் சலங்கையும் மத்தளமும் பெட்டியில் கொண்டுபோவதை விட, இதைச் சொல்லியே போகலாம்.

வளைகுடா: இரண்டும் இல்லாத மூன்றாவது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீசா என்றாலே பல வீடுகளுக்கு வளைகுடாதான். அங்கே விசிட் வீசாவா பிஸ்னஸ் வீசாவா என்று கேட்டு வருகிற இளைஞர்களில் பலர் உண்மையில் கேட்பது வேலைக்குப் போகிற வழி. அவர்களுக்கு என் பதில் இரண்டும் வேண்டாம் என்பதுதான். வேலைக்குப் போவதென்றால் வேலை வீசா. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

"முதல்ல விசிட்ல போங்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கதை மட்டும்தான் ஊருக்கு வருகிறது. மாறாதவருக்கு நாள் தாண்டத் தாண்டத் தண்டம் ஏறும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு நாளைக்கு 50 திர்ஹம். கடவுச்சீட்டு வேறு ஒருவர் கையில், சம்பளம் பேசியதில் பாதி, முறையிடப் போனால் முதலில் பிடிபடுவது அவரேதான். 2024இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கிற முதலாளிக்கு 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் வைத்திருக்கிறார்கள். அதனால் நல்ல முதலாளி விசிட் வீசாக்காரரைத் தொடமாட்டார். தொடுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை நீங்களே யோசியுங்கள். 2022 நவம்பரில், சுற்றுலா வீசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் ஆட்கடத்தலில் சிக்கிய செய்தி வந்தபோது நாடே பதறியது. அந்தப் பெண்களைப் போன்றவர்கள் எங்கள் ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள். தயவு செய்து ஒரு வீட்டையாவது இதைப் படிக்க வையுங்கள்.

துபாயில் உண்மையாகவே தேய்ராப் பக்கம் சரக்குப் பார்க்கப் போகிற கடைக்காரருக்கு நிலைமை வேறு. விமானக் கம்பனி, ஹோட்டல், முகவர் மூலம் 30 அல்லது 60 நாள் டூரிஸ்ட் வீசா எடுக்கலாம். அங்கே ஒரு வியாபாரத்தைத் தொடங்க முடியுமா என்று ஆராயப் போகிறவருக்கு 2022 ஒக்டோபர் முதல் அதற்கென்றே ஒரு வருகை வீசா இருக்கிறது, உள்ளூர்ப் பொறுப்பாளி தேவையில்லை.

ஊரில் சேர்க்க வேண்டிய தாள்கள்

பிஸ்னஸ் வீசாவில் கொழும்புக் கம்பனிக்காரருக்கு இல்லாத ஒரு சுமை எங்களுக்கு உண்டு. எங்கள் வியாபாரப் பெயர்ப் பதிவு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தமிழில். அவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே வர வேண்டும். பதிவுச் சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி என்று தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக இருப்பது எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணம். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்தே கொடுங்கள்.

அடுத்தது வங்கிக் கூற்று. பல கடைகளில் காசு மேசை இலாச்சியில் வந்து இலாச்சியிலேயே போய்விடுகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் மச்சானிடம் கைமாற்று வாங்கி ஒரே தடவையில் பெரிய தொகை போட்டால், அதிகாரியின் கண் அங்கேதான் போகும். ஆறு மாதம் முன்பிருந்தே அன்றாட விற்பனைக் காசைக் கணக்கில் போட்டு எடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடுகிற கணக்காக இருக்க வேண்டும். வருமான வரி இலக்கம் எடுத்து வையுங்கள். கட்டுநாயக்கவில் சரக்கை வியாபாரப் பொருளாக இறக்கவும் அது வேண்டும். மாவட்ட வர்த்தக சம்மேளனத்தில் அங்கத்தவராக இருந்தால் அவர்களுடைய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். சின்னக் கடைக்கு அது நல்ல துணை.

பெரும்பாலான வீசா நிலையங்கள் கொழும்பில்தான். விரல் அடையாளம் கொடுக்க நேரில் போகத்தான் வேண்டும். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய், காலையில் வரிசையில் நின்ற பிறகு ஒரு தாள் குறைகிறது என்று தெரிந்தால் இன்னொரு இரவுப் பயணம். அதனால் புறப்படும் முன், படிவத்தை மேலே வைத்து, அதில் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஒரு தாள் இருக்கிறதா என்று வீட்டிலேயே வேறு ஒருவரைக் கொண்டு பார்க்க வையுங்கள். கடவுச்சீட்டு பயண நாளில் இருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். முன்பு எந்த நாட்டிலாவது வீசா மறுக்கப்பட்டிருந்தால், படிவத்தில் அந்தக் கேள்வி வரும். ஆம் என்று எழுதி, எந்த வருடம், என்ன காரணம் சொன்னார்கள், அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்று மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். மறுப்பு இருந்தும் வீசா கிடைத்தவர்கள் நிறையப் பேர். மறைத்தது தெரியவந்தால் மறுபடியும் கேட்கவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம்.